கங்கு கறுக்கும் வரைக்கும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு பேனை பிடித்தது கையெழுத்துப் போட மட்டும்தான். மறதியும் வந்துவிட்டது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுகிறேன். முன்னே நடந்தது பின்னேயும் பின்னே நடந்தது முன்னேயும் வந்தால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

எழுதாமலே இருந்திருப்பேன். ஆனால் மேல் லயத்தில் மூன்று வீட்டுக்காரர்கள் எங்கள் வீட்டுச் சூட்டுச் சுவரைப் பார்த்துவிட்டு, தங்களுக்கும் ஒன்று கட்ட வேண்டும் என்று கிளம்பியிருக்கிறார்கள். வருகிறவர்கள் சுவரில் கையை வைத்துப் பார்க்கிறார்கள். நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தச் சுவரோடு எங்களுக்கு என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. நாலு பேர் முன்னால் நின்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. கட்டிக்கொடுத்த மேசன்தான் சொன்னார், "வாயால வரலன்னா எழுதிக் குடுங்கக்கா, நான் வாசிச்சுக் காட்டுறேன்" என்று. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது உடப்புசல்லாவைப் பக்கம். நானும் என் அக்காவும். இரண்டு பேருக்கும் வீட்டுக்காரர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. அக்காவுக்கு ஒரே மகன், கொழும்பில் ஒரு கடையில் வேலை. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பராவை விட்டுத் தனி வீட்டுக்கு வந்து சில வருடம் ஆகிறது. தனி வீடு நல்ல வீடுதான், குறை சொல்லக் கூடாது. ஆனால் லயத்தில் இந்தப் பக்கச் சுவருக்குப் பின்னால் ஒரு அடுப்பு எரியும், அந்தப் பக்கச் சுவருக்குப் பின்னால் ஒரு அடுப்பு எரியும். அடுத்த வீட்டுச் சூட்டில்தான் பாதிக் குளிரைக் கழித்தோம் என்பது தனி வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. இங்கே நாலு பக்கமும் காற்று.

மார்கழி, தையில் எங்கள் பக்கம் காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும். கொழுந்தைத் தொட்டால் விரல் மரத்துப் போகும். வேலைக்குப் போன காலத்தில் நடந்து நடந்தே சூடு வந்துவிடும். உட்கார்ந்திருக்கிற வயதில்தான் குளிர் ஆளைப் பிடிக்கிறது.

போன வருடக் குளிரில் அக்காவுக்கு இழுப்பு வந்து இரண்டு தடவை நுவரெலியா ஆஸ்பத்திரியில் வைத்தோம். குளிரும் ஆகாது, புகையும் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வது லேசு. குளிருக்கு அடுப்பை மூட்டினால் வீடெல்லாம் புகை. புகைக்குக் கதவைத் திறந்தால் வீடெல்லாம் குளிர். அந்த இரண்டு மாதமும் அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே நான் ஓடியே கழித்தேன். அக்கா கட்டிலில் இருந்தபடி, "ஏன்டி இப்பிடி எலி மாதிரி ஓடுற? உன்னையப் பாத்தே எனக்கு மூச்சு வாங்குது" என்பாள். இருந்தாலும் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியில் இருந்து கூட்டி வந்த அன்று அவள் மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். அடுத்த குளிருக்குள் வீட்டுக்கு ஒரு வழி செய்யாவிட்டால் அம்மாவைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன், கோவிச்சுக்காதீங்க சின்னம்மா என்றான். கோபிக்க என்ன இருக்கிறது. பெற்ற பிள்ளை சொல்ல வேண்டியதைத்தான் சொன்னான். ஆனால் அக்கா முன்பே ஒரு மாதம் அங்கே போய் இருந்தவள். மூன்றாம் மாடியில் ஒரு அறை. திரும்பி வந்து, "அங்க மூச்சு நல்லா வருது. பேசத்தான் ஒரு ஆள் வர்ல" என்றாள். அவளுக்காக மட்டும் பயந்தேன் என்று எழுதினால் பொய். அவள் போய்விட்டால் நான் யாரோடு தேத்தண்ணி குடிப்பேன் என்றுதான் முதலில் பயந்தேன்.

ஒரு வழி என்று அவன்தான் போனில் ஒரு படத்தைக் காட்டினான். ஏதோ குளிர் தேசத்தில், வீட்டுக்கு நடுவில் செங்கல்லில் பெரிய சுவர் மாதிரி ஒரு அடுப்பு. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எரிப்பார்களாம். அந்தச் சூட்டைக் கல் வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்குமாம். புகை வீட்டுக்குள் வராதாம். நான் நம்பவில்லை. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, ரொட்டி சுடுகிற அடுப்பென்று நினைத்து, "பாண் போறணையா? நம்ம ரெண்டு பேருக்கு எத்தன பாண்டா சுடப் போற?" என்றாள்.

நம்பியது மேசன் ஒருவர்தான். எங்கள் தோட்டத்து ஃபெக்டரியில் தேயிலை காய வைக்கிற அடுப்புக்குச் செங்கல் கட்டியே வயதானவர் அவர். படத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு, இது நம்ம ஃபெக்டரி அடுப்போட தங்கச்சிதானே என்றார். பழைய அடுப்பு ஒன்றை இடித்துப் போட்டிருந்தார்கள். அந்தக் கல்லைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம், நெருப்பில் வெந்த கல், வெடிக்காது என்றார்.

சமைக்கிற குசினிக்கும் அக்கா படுக்கிற அறைக்கும் நடுவே இருந்த சுவரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கட்டினார். நெருப்பு வாய் குசினிப் பக்கம். அக்காவின் அறைப் பக்கம் வெறும் சுவர், கீழே உட்கார ஒரு கல் மேடை. சீமெந்து சூட்டில் பிளந்துவிடும் என்று புற்றுமண்ணையும் மணலையும் குழைத்துத்தான் வைத்தார். உள்ளே புகைக்குப் பாதை வைக்கும்போது என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். புகை நேராக மேலே போகாது. மேலே ஏறி, பக்கத்தில் இறங்கி, அடியில் போய், பின்னால் மறுபடி ஏறித்தான் புகைபோக்கிக்குப் போகும். போகிற வழியெல்லாம் கல்லுக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். "புகைபோக்கி சூடா இருந்துச்சுன்னா நீங்க வானத்துக்கு வெறகு எரிக்கிறீங்கன்னு அர்த்தம்" என்றார்.

அது எனக்கு உடனே விளங்கியது. சின்ன வயதில் இரண்டு வருடம் துரை பங்களாவில் விறகு சுமக்கப் போட்டிருந்தார்கள். அங்கே சுவருக்குள் ஒரு கணப்பு அடுப்பு. கட்டை கட்டையாகத் தின்னும். முன்னால் உட்கார்ந்தவருக்கு முகம் வேகும், முதுகு விறைக்கும். நெருப்பு அணைந்த கையோடு அறையும் ஐஸ் மாதிரி ஆகிவிடும். நான் சுமந்ததில் பாதி வானத்துக்குத்தான் போயிருக்கிறது என்று இந்த வயதில் தெரிந்து என்ன செய்ய.

கட்டி முடித்து மூன்று வாரம் சும்மா காய விட்டோம். பிறகு ஒரு வாரம் கைப்பிடிச் சுள்ளி மட்டும் எரித்தோம். அதுவரைக்கும் எனக்குப் பொறுமை இல்லை. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை விரிசல் விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். இரண்டு மயிர் விரிசல் வந்தது. மேசன் மண் பூசிவிட்டார்.

எரிக்கிற விதத்தை அவர் சொன்னது இப்படி. விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைக் கட்டையை மெல்லிசாகப் பிளந்து, தாழ்வாரத்தில் காற்றுப் படும்படி ஆறு மாதமாவது அடுக்கி வைக்க வேண்டும். ஈர மிலாறுக் குச்சி போடவே கூடாது, அது எரியாது, அழும். நாளைக்கு ஒரு தடவை, மத்தியானத்துக்குப் பிறகு, முழு அடுக்கையும் ஒரேயடியாக வைத்து, காற்று வாயைத் திறந்துவிட்டு, கொழுந்துவிட்டு எரிய விட வேண்டும். இடையில் விறகைச் சொருகக் கூடாது. எரிந்து முடிந்து, கங்கும் கறுத்த பிறகு, புகைபோக்கிக்குக் கீழே இருக்கிற இரும்புத் தகட்டைத் தள்ளி மூட வேண்டும். அதற்குப் பிறகு சூடு வெளியே போகாது.

எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். கங்கு எவ்வளவு கறுக்க வேண்டும், ஒரு கங்கு உள்ளே சிவந்திருந்தால் என்ன செய்வது என்றெல்லாம் மனதில் கேள்வி இருந்தது. கேட்கவில்லை. ஆம்பளை ஆள், வேலை முடிந்து சாமானைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். மறுபடி கேட்டால் மண்டையில் ஏறாதவள் என்று நினைப்பாரே என்று கூச்சம். என் பாதிக் கஷ்டம் இந்தக் கூச்சத்தால் வந்தது.

முதல் சில நாள் அவர் சொன்னபடியே செய்தேன். எரியும்போது அந்த அடுப்பு உறுமும். எனக்குப் பயமாக இருக்கும். ஒரு கட்டு விறகையும் ஒன்றரை மணி நேரத்தில் தின்றுவிட்டு வாயை மூடிக்கொள்ளும். அவ்வளவுதான், நெருப்பைக் காணோம். கல்லும் உடனே சுடாது. அந்த இடைப்பட்ட நேரம் எனக்கு நரகம். நெருப்பும் இல்லை, சூடும் இல்லை, அக்கா அந்தப் பக்கம் போர்வைக்குள் உட்கார்ந்திருக்கிறாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போய்ச் சுவரைத் தொடுவேன். "தொட்டுத் தொட்டே தேஞ்சு போயிரும்டி" என்பாள் அக்கா. விளக்கு வைக்கிற நேரத்தில்தான் கல் இளஞ்சூட்டுக்கு வரும். பிறகு மறுநாள் காலை தேத்தண்ணி குடிக்கும் வரைக்கும் குறையாது. முன்பு ஒரு நாளைக்கு இரண்டு கட்டு எரித்து இருமிக்கொண்டிருந்தோம். இப்போது ஒரு கட்டு. அக்கா கல் மேடையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து கீரை ஆய்வாள். மூச்சில் சீட்டிச் சத்தம் இல்லை.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு ஒன்று மட்டும் பொறுக்கவில்லை. கங்கு கறுப்பதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது.

இது எங்கள் ஆட்களுக்குத்தான் விளங்கும். லயத்தில் அடுப்பு கறுக்க விடுவது வெட்கம். வேலை முடித்து வந்து சமைத்த பிறகு, கங்கைக் குவித்துச் சாம்பலால் மூடி வைப்போம். விடிய முன்னால் சாம்பலைக் கிளறினால் சிவப்பாகக் கண் விழிக்கும். ஊதித் தண்ணீர் வைத்துக் குடித்துவிட்டுப் காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஓட வேண்டும். நெருப்புச் செத்த வீட்டுக்காரி தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் கங்கு கேட்டுப் போக வேண்டும். "என்னா, உங்க வீட்டு அடுப்பு செத்துப் போச்சா?" என்று அவர்கள் கேட்பதைத் தாங்க முடியாது. என் அம்மா எனக்குச் சோறு பொங்கக் கற்றுத் தருவதற்கு முன்னால் கங்கு மூடத்தான் கற்றுத் தந்தாள். அறுபது வருடமாகக் கை பழகிய வேலை அது.

அப்படிப்பட்ட கை, சிவந்த கங்கு வீணாகக் கறுப்பதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்கும்? தகடு திறந்திருக்கிற ஒவ்வொரு நிமிடமும் சூடு வெளியே ஓடுகிறது என்றே தோன்றியது. மகன் பொங்கலுக்கு வரும்போது சுவர் இன்னும் சூடாக இருந்தால் அக்காவைக் கூட்டிப் போகும் பேச்சே எடுக்க மாட்டான் என்றும் ஒரு கணக்குப் போட்டேன். மார்கழியில் ஒரு நாள், மூன்றரை மணி இருக்கும், வெளியில் மிஸ்ட் இறங்கி ஜன்னலெல்லாம் வெள்ளையாக இருந்தது. கங்கு நன்றாகச் சிவந்திருக்கும்போதே அதைக் குவித்தேன். மேலே சாம்பலைத் தள்ளி மூடினேன். தகட்டையும் தள்ளி மூடிவிட்டேன். குளிருக்காகக் கதவு ஜன்னல் எல்லாம் ஏற்கனவே அடைத்திருந்தது. அக்கா மேடையில் இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை வலித்தது. பித்தம் என்று நினைத்தேன். உட்கார முடியாமல், விறகு நனைகிறதா என்று பார்க்க வெளியே போனேன். தாழ்வாரத்தில் நின்று விறகின் மேல் சாக்கை இழுத்துப் போட்டேன். தலை தெளிந்தது. உள்ளே வந்தேன், மறுபடி வலித்தது. கொடியில் துணி கிடப்பது ஞாபகம் வந்து மறுபடி வெளியே போனேன். மறுபடி தெளிந்தது. ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் பொறி தட்டியது. வெளியே தெளிகிறது, உள்ளே வலிக்கிறது. அக்கா உள்ளேயே இருக்கிறாள்.

ஓடினேன். அக்கா சுவரில் சாய்ந்தபடி தூங்குவது போல இருந்தாள். கூப்பிட்டால் ம் என்கிறாள், கண்ணைத் திறக்கவில்லை. அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தேன். எப்படித்தான் அவளை வாசல் படி வரைக்கும் கொண்டுவந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. படியில் வைத்ததும் வாந்தி எடுத்தாள். மிஸ்டுக்குள் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குளிரில் இருந்து காப்பாற்றவென்று கட்டிய அடுப்பு. அவளைக் குளிரில் வைத்துத்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் கண்ணைத் திறந்து, "ஏன்டி என்னைய வெளிய போட்ட?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் த்ரீ வீலரில் டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனார். மூடிய கங்கில் இருந்து ஒரு விஷக் காற்று வரும், அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது, புகை இல்லை என்று நம்பிவிடக் கூடாது என்று அங்கே விளக்கினார்கள். லயத்துக் கூரையில் ஆயிரம் ஓட்டை. அதனால்தான் சாம்பல் மூடிய கங்கு அங்கே எங்களை ஒன்றும் செய்யவில்லை. இந்த வீடு அடைத்த வீடு. அது என் புத்திக்கு எட்டவில்லை.

மறுநாள் மேசன் வந்தார். திட்டுவார் என்று கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தே பேசினார்.

"கறுத்த பொறகுன்னு சொன்னேனேக்கா."

"சொன்னீங்க."

"அப்பறம் ஏன் மூடுனீங்க?"

சாம்பல், சிரட்டை, அம்மா எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நேரம் நான் அவரோடு பேசியதே இல்லை. கேட்டுவிட்டு, "எங்க வீட்லயும் அப்பிடித்தான் செய்வா. நான் அத யோசிக்காம விட்டேன்" என்றார். தகட்டைக் கழற்றிக்கொண்டு போய், அதில் கட்டை விரல் நுழைகிற அளவு ஒரு துளை போட்டுக் கொண்டுவந்தார். இனி மூடினாலும் முழுதாக மூடாது. கொஞ்சம் சூடு போகும், போகட்டும் என்றார். ஆனால் துளை இருக்கிறதென்று கங்கோடு மூடிவிடாதீங்க, இது மறதிக்குத்தான், வழக்கத்துக்கு இல்லை என்று இரண்டு தடவை சொன்னார். இந்தத் தடவை நானும் இரண்டு தடவை கேட்டேன். அக்கா அறை ஜன்னலில் நாலு விரல் இடைவெளி விடச் சொன்னார். விட்டோம்.

மகனுக்கு நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து கூட்டிப் போய்விடுவான். அக்காவும் சொல்லாதே என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் போன் எடுக்கும்போதெல்லாம் அடுப்பு எப்படி என்று கேட்பான். நல்லா இருக்குப்பா என்பாள் அக்கா. நான் அந்தப் பக்கம் போய் ஏதாவது பாத்திரத்தைக் கழுவுவேன்.

பொங்கலுக்கு வந்தான். சுவரைத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். அம்மாவின் முதுகில் காதை வைத்து மூச்சைக் கேட்டான். பின்னேரம் அவனே விறகு அடுக்கி மூட்டினான். நான் பக்கத்திலேயே நின்றேன். எரிந்து அடங்கியது. கங்கு அழகாகச் சிவந்து கிடந்தது. "சூடு போகுதே சின்னம்மா" என்று சொல்லிக்கொண்டே தகட்டில் கையை வைத்தான்.

"கைய எடு."

அப்படி ஒரு குரலில் நான் யாரையும் அதட்டியதில்லை. அவன் திரும்பிப் பார்த்தான். தகட்டை அவன் தள்ளாதபடி என் கை அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மூடியதை, துணி எடுக்கப் போனதை, அக்காவை இழுத்ததை, அவனிடம் மறைத்ததை. ஒரு வார்த்தையும் எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். கங்கு ஒவ்வொன்றாகக் கறுக்கும் வரைக்கும் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கறுத்த பிறகு நான்தான் தகட்டைத் தள்ளினேன்.

அம்மா, நீங்க என்ன சொல்றீங்க என்று கடைசியில் கேட்டான். அக்கா, "நான் கொழும்புக்கு வந்துட்டா இவ யாருக்காகடா எந்திரிச்சு எந்திரிச்சுப் பாப்பா?" என்றாள்.

மாசி முடியும் வரைக்கும் பார்க்கலாம் என்று போனான். ஒரு கட்டளையும் போட்டான். தினமும் கங்கு கறுத்துத் தகடு மூடியதும் நான் போன் செய்து சொல்ல வேண்டும். கறுத்துருச்சு தம்பி என்பேன். சரி சின்னம்மா என்பான். அவ்வளவுதான் பேச்சு. அந்தக் காற்று வந்தால் கத்துகிற கருவி ஒன்றையும் வாங்கி அனுப்பினான். அது இதுவரைக்கும் கத்தவில்லை. கத்தாமல் இருப்பதும் எனக்குப் பயமாக இருக்கிறது. உயிரோடுதான் இருக்கிறதா என்று அதன் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறேன். அக்கா சிரிக்கிறாள். மாசி போய்ப் பங்குனியும் வந்துவிட்டது. அவன் கூட்டிப் போகிற பேச்சை எடுக்கவில்லை. நாங்களும் ஞாபகப்படுத்தவில்லை.

இதைக் கட்டப் போகிறவர்கள் நான் எழுதியதை மட்டும் நம்பிக் கட்ட வேண்டாம். புகைப்பாதைக்கு எத்தனை வளைவு என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மண்ணும் மணலும் எந்த அளவில் குழைத்தார் என்பதும் மறந்துவிட்டது. தகட்டுத் துளை கட்டை விரல் அளவு என்று எழுதியிருக்கிறேன். அது மேசனின் விரலா என் விரலா என்று இப்போது குழப்பமாக இருக்கிறது. என் விரல் கொழுந்து எடுத்து வீங்கிப்போன விரல். மேசனோ, அடுப்பு தெரிந்த வேறு யாராவதோ இதை ஒரு தடவை வாசித்து, பிழை இருந்தால் திருத்திவிட்டு மேல் லயத்து ஆட்களிடம் கொடுக்க வேண்டும். அவர்கள் வீட்டிலும் சாம்பல் போட்டு மூடுகிற கைகள்தான் இருக்கின்றன.